பேண்டு மாஸ்டருக்கு விழா எடுப்பது எப்படி: பழைய மாணவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் பள்ளி பேண்டு மாஸ்டர் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய சால்வை இருக்கிறது. ஆண்டு விழா, விளையாட்டு விழா, சுதந்திர தினம் என்று முப்பத்திரண்டு வருடத்தில் சேர்ந்தவை. போர்த்திய கைகளில் ஒன்றுகூட டிரம் குச்சி பிடித்த கை இல்லை. அவர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததும் நாங்களும் முதலில் பேசியது சால்வை, கேடயம், ஃபிளெக்ஸ் பற்றித்தான். நல்லவேளை, எங்களில் மைக்செட் கடை வைத்திருக்கும் ஒருவன், "அவருக்குப் பேச்சு எதுக்குடா? வாசிச்சுக் காட்டுவோம்" என்றான். கீழே எழுதியிருப்பது அந்த ஒரு வார்த்தையை நிறைவேற்ற நாங்கள் பட்ட பாடு. கும்பகோணமோ திருத்துறைப்பூண்டியோ, உங்கள் ஊர்ப் பள்ளியிலும் இப்படி ஒருவர் இருப்பார். நான்கு மாதம் கையில் இருக்கும்போதே தொடங்குங்கள்.

முதலில் அவரிடமே கேளுங்கள்

சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று விழா வைத்து அசத்தலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். பேண்டு மாஸ்டருக்குப் பிடிக்காதது ஒன்று உண்டென்றால் அது ஒத்திகை இல்லாமல் நடக்கும் காரியம்.

வீட்டுக்குப் போய் உட்கார்ந்து மூன்று விஷயம் கேளுங்கள். கடைசி வேலை நாள் எது? அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஓய்வு வயது இப்போது 60. கல்வியாண்டின் நடுவில் வயது நிறைந்தால் ஆண்டு முடியும்வரை மறுநியமனம் கிடைப்பதும் உண்டு, அதனால் தேதியை ஊகிக்காதீர்கள். இரண்டாவது, மேடையில் யார் இருந்தால் அவருக்குச் சங்கடம்? இதை அவர் சொல்லமாட்டார், வீட்டில் அவர் மனைவி சொல்வார். மூன்றாவது, அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்?

மூன்றாவது கேள்வியில்தான் எங்களுக்குப் புதையல் கிடைத்தது. மாஸ்டர் தவில்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பாவிடம் தவில் கற்றவர், பிறகு ராணுவ பேண்டிலிருந்து ஊர் திரும்பிய ஒருவரிடம் பியூகிளும் (வால்வு இல்லாத ஊதுகுழல்) டிரம்பெட்டும் பழகினார். எங்களுக்கு சைடு டிரம்மை "தகதிமி, தகிட" என்று சொற்கட்டாகச் சொல்லிக்கொடுத்தது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஊரில் வேறெந்தப் பள்ளி பேண்டும் அப்படிப் பழகவில்லை.

தேதி குறிப்பது

காவிரி டெல்டாவில் தேதி குறிப்பது தனிக்கலை. ஓய்வு நாளன்றே வைக்கவேண்டும் என்று கட்டாயமில்லை, அன்றைக்குப் பள்ளி நிர்வாகம் ஒரு விழா வைக்கும். உங்களுடையது தனி.

பேண்டில் வாசித்தவர்களில் பாதிப்பேர் இன்றும் வாத்தியத்தை நம்பிப் பிழைப்பவர்கள்: கல்யாண பேண்டு செட், தவில், மைக்செட். முகூர்த்த நாளில் அவர்கள் கிடைக்கமாட்டார்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லையே என்று நினைத்தால், அப்போது மாரியம்மன் கோயில் திருவிழாக்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி. ஐப்பசி, கார்த்திகை மழை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்ததை அனுபவித்த ஊர்க்காரர்கள் யாரும் நவம்பரில் பந்தல் போடமாட்டார்கள். தை பிறந்தால் வெளியூர்க்காரர்கள் ஊருக்கு வருவார்கள்தான், ஆனால் சம்பா அறுவடை தொடங்கிவிடும், அறுப்பு மெஷினுக்கு முறை வாங்கிவிட்டவனை விழாவுக்குக் கூப்பிட முடியாது. திருவையாறு தியாகராஜர் ஆராதனையும் பெரும்பாலும் அந்த ஒட்டில்தான் வரும்.

எல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது அரையாண்டு விடுமுறை. மார்கழி, முகூர்த்தம் இல்லை. பள்ளி மைதானம் காலி. நெல் வயலில் நிற்கும், வேலை குறைவு. கிறிஸ்துமஸுக்குத் தேவாலயத்தில் வாசிப்பவர்களுக்கு 24, 25 ஆகாது. ஆக டிசம்பர் 27-லிருந்து 30-க்குள் ஒரு நாள். நாங்கள் 28 வைத்தோம், மழை வரவில்லை. வந்தால் என்ன செய்வதென்று அசெம்பிளி ஹாலின் சாவியையும் வாங்கி வைத்திருந்தோம்.

தலைமையாசிரியருக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள். உதவி பெறும் பள்ளி என்றால் செயலருக்கும் ஒன்று. ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் எப்படியும் கூடாது. காலை 10 மணிக்கு ஆரம்பித்தால் இந்தத் தொல்லை இல்லை, கல்யாணமாகி வெளியூர் போன பெண்களும் பிள்ளைகளோடு வந்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பலாம்.

ஆள் சேர்ப்பது

பள்ளிப் பதிவேட்டில் பேண்டு மாணவர் பட்டியல் என்று எதுவும் இருக்காது. புகைப்படங்களில்தான் இருக்கும். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 அணிவகுப்புப் படங்களைத் தேடி எடுங்கள். ஊர் ஸ்டூடியோக்களில் பழைய நெகட்டிவ் இன்னும் கிடக்கலாம். ஒரு படம் கிடைத்தால் அதை வாட்ஸ்அப்பில் போட்டு, "இடமிருந்து வலமாகப் பெயர் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஒருநாளில் பதினெட்டுப் பேரில் பதினாறு பேர் கிடைத்துவிடுவார்கள். மீதி இரண்டு பேரைப் பற்றி ஒரு சண்டை நடக்கும், நடக்கட்டும்.

ஒரே குழுவாக வைக்காதீர்கள். 1990-களில் படித்தவர்களும் போன வருடம் பிளஸ் டூ முடித்தவர்களும் ஒரே குழுவில் இருந்தால் காலை வணக்கம் படங்களுக்கு நடுவே ஒத்திகை நேரம் காணாமல் போகும். வாத்தியம் வாரியாகப் பிரியுங்கள்: டிரம்பெட், கிளாரினெட், டிரம், மற்றவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர்.

ராணுவத்திலும் போலீஸிலும் பேண்டுக்காரர்களாகச் சேர்ந்தவர்களுக்கு முதலில் சொல்லுங்கள், விடுப்பு கேட்க அவர்களுக்கு அவகாசம் வேண்டும். எங்களில் ஒருவர் ராணுவத்தில் சேர்ந்து, மத்தியப் பிரதேசத்தில் பச்மடியில் இருக்கும் ராணுவ இசைப் பயிற்சிக்கூடம் வரை போய் வந்தவர். அவர் வந்த பிறகுதான் எங்கள் வரிசை நேரானது.

அவருடைய நோட்டு

விழாவே நடக்காமல் போனாலும் பரவாயில்லை, இந்த வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நம் பக்கத்துப் பேண்டு மாஸ்டர்களில் பலர் ஐந்து கோட்டு நொட்டேஷனில் சொல்லிக்கொடுப்பதில்லை, ச ரி க ம எழுதித்தான். எங்கள் மாஸ்டரிடம் நீள நோட்டுகள் பதினோரு எண்ணம் இருந்தன. பழுப்பேறிய தாள், ஓரத்தில் பூச்சி அரித்தது. நீல மையில் ஸ்வரம், அதற்கு நேர் கீழே சிவப்பு மையில் டிரம்பெட் விரல். ச-வுக்கு 0, ரி-க்கு 13, க-வுக்கு 12, ம-வுக்கு 1, ப-வுக்கு மறுபடி 0, த-வுக்கு 12, நி-க்கு 2, மேல் ச-வுக்கு 0. சுழி என்றால் எதையும் அழுத்தாதே, 13 என்றால் ஒன்றாம் வால்வையும் மூன்றாம் வால்வையும் சேர்த்து அழுத்து. மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு சின்னக் காற்புள்ளி. அதன் பக்கத்தில் யாரோ ஒரு பையன் பெயரும் "இங்கே திருடுகிறான்" என்றும் எழுதியிருந்தது. மூச்சைத்தான்.

கேட்டு வாங்கி, ஸ்கேன் செய்து, நோட்டை அதேநாளில் திருப்பிக் கொடுங்கள். செல்போனில் எடுத்தால் ஜன்னல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து எடுக்கவேண்டும். பிறகு அவரை உட்காரவைத்துப் பக்கம் பக்கமாகப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். கேமராவைப் பார்த்துப் பேசச் சொன்னால் விறைத்துக்கொள்வார். நோட்டைப் புரட்டச் சொன்னால் தானாகவே பேசுவார், பாடுவார், தொடையில் தட்டுவார். அச்சிட்டு அழகாக பைண்டு செய்த மூன்று பிரதி போதும்: அவருக்கு ஒன்று, பள்ளி நூலகத்துக்கு ஒன்று, பேண்டு ரூமுக்கு ஒன்று.

வாத்தியங்களைத் தூசி தட்டுவது

பேண்டு ரூமைத் திறந்தால் மனசு கொஞ்சம் உடையும். எங்கள் பள்ளியில் பேஸ் டிரம்முக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. பயப்படாமல் ஒவ்வொன்றாக எடுங்கள்.

டிரம்பெட் வால்வு இறுகியிருந்தால் குறடு போடாதீர்கள். மேல் மூடியைக் கையால் கழற்றி, வால்வு எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு இரவு வையுங்கள். ஊதும் முனை சிக்கியிருந்தால் அதை எடுக்கத் தனிக் கருவி உண்டு, பேண்டு செட்காரர் யாரிடமாவது இருக்கும். பித்தளை என்றாலே நம் வீட்டுக் கை புளியைத் தேடும். வார்னிஷ் பூசிய வாத்தியத்தில் புளி பட்டால் பூச்சு திட்டுத்திட்டாகக் கிளம்பிவிடும். பூச்சு இல்லாத பழைய பியூகிளுக்குப் புளியோ பிராசோ பாலிஷோ போடலாம், நன்றாகக் கழுவித் துடைக்கவேண்டும். கிளாரினெட்டுக்கு ரீடும் பேடும் புதிதாக வேண்டியிருக்கும். சைடு டிரம்மில் அடிப்பக்கத்துக் கம்பிச் சரம் துருப்பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், அது இல்லாவிட்டால் டிரம் தகரம் மாதிரித்தான் பேசும்.

எல்லாம் பள்ளியின் சொத்து, இருப்புப் பதிவேட்டில் ஏறியவை. நாங்கள் இதில் மாட்டிக்கொண்டோம். மாஸ்டர் முப்பது வருடம் ஊதிய பியூகிளையே அவருக்கு நினைவுப் பரிசாகக் கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டோம். பதிவேட்டில் இருக்கும் பொருளை அப்படித் தூக்கிக் கொடுக்க முடியாது, கழிவுப் பொருளாக எழுதி முறைப்படி ஏலம் விடவேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். சொன்னது நியாயம்தான். புது பியூகிள் ஒன்றைப் பள்ளிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். பழையது ஏலத்துக்கு வந்து எங்கள் கைக்குக் கிடைக்க விழா முடிந்து எட்டு மாதம் ஆனது. உங்களுக்கும் அப்படி ஓர் ஆசை இருந்தால் முதல் வாரமே விண்ணப்பம் எழுதிவிடுங்கள்.

என்ன வாசிப்பது

மூன்று உருப்படிக்கு மேல் வேண்டாம். ஒன்று, பள்ளியில் அவர் வழக்கமாக வாசிக்கவைத்த மார்ச். இரண்டு, அவருக்குப் பிடித்த ஒரு சினிமா மெட்டு, அதை அவர் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மூன்றாவதாக, தஞ்சை மண்ணுக்கே உரிய ஒன்றை வையுங்கள்: நோட்டு ஸ்வரம்.

திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், அந்தக் காலத்து ஆங்கிலேய பேண்டுகள் வாசித்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் போட்டுச் செய்தவை இவை. ஏறக்குறைய நாற்பது இருக்கின்றன. "சந்ததம் பாஹிமாம்" என்று பாடிப் பாருங்கள், இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டு. எல்லாம் சங்கராபரண ராகத்தின் நேரான ஸ்வரங்களில் நிற்பதால், மாஸ்டர் நோட்டில் இருந்த அந்த 0, 13, 12 விரல்களே போதும். கமகம் என்கிற ஸ்வர அசைவு இல்லை, பிள்ளைகளுக்குப் பத்து நாளில் வந்துவிடும். பேண்டு என்றால் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று மேடையில் யாராவது பேசினால் அவருக்கும் இதுவே பதில். இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) காலத்திலேயே தஞ்சை அரண்மனையில் மேற்கத்திய வாத்தியங்கள் ஒலித்தன. தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர்க் கச்சேரிக்குள் கிளாரினெட் நுழைந்ததும் இந்தச் சீமையில்தான். அறிமுக உரைக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது.

நாயனமும் (நாகஸ்வரம்) பேண்டும் சேர்ந்து வாசித்தால் நன்றாயிருக்குமே என்று ஆசை வரும். நாயனம் செய்யும் நரசிங்கம்பேட்டை பக்கத்தில் இருந்துகொண்டு அந்த ஆசை வராமல் இருக்காது. ஆனால் கட்டைக் கணக்கு, அதாவது சுருதிக் கணக்கு, உதைக்கும். டிரம்பெட்டிலும் கிளாரினெட்டிலும் இயல்பாக வரும் ச ஆறரைக் கட்டை. நீளமான பாரி நாயனம் இரண்டு, இரண்டரைக் கட்டையில் நிற்கும். இரண்டு கட்டைக்குப் பேண்டு இறங்கவேண்டுமானால் விரல் எல்லாம் மாறும், பள்ளிப் பிள்ளைகள் திணறுவார்கள். அதனால் நாயனத்தை வாசலில் வரவேற்புக்கு வையுங்கள். நாயனம் ஓய்ந்ததும் தவிலும் சைடு டிரம்மும் மட்டும் மாற்றி மாற்றி வாசிக்கட்டும். அதற்குக் கட்டைக் கவலை இல்லை. எங்கள் மாஸ்டர் விழாவில் முதன்முதலாகச் சிரித்தது அந்தத் தனியாவர்த்தனத்தில்தான்.

ஒத்திகை

இருபது வருடம் ஊதாத உதடு பத்து நிமிடத்தில் வீங்கிவிடும். ஒரே ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் ஊதுவதைவிட, மூன்று வாரம் தினமும் பதினைந்து நிமிடம் வீட்டில் ஊதுவது மேல். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சேர்ந்து வாசிக்கும் ஒத்திகை நான்கு போதும், அதில் கடைசி இரண்டு இன்றைய மாணவர்களோடு. பெரியவர்கள் மட்டும் வாசித்தால் அது மலரும் நினைவுகள், பிள்ளைகளும் சேர்ந்தால்தான் அது பேண்டு.

நடையைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளியில் நிமிடத்துக்கு 120 காலடி நடந்தோம். ஐம்பது வயதில், தொப்பையோடு, பேஸ் டிரம்மும் தொங்கினால் அது நடக்காத காரியம். நூறுக்கு இறக்குங்கள். கேட்பவர்களுக்குக் கம்பீரமாகவே இருக்கும்.

பணம்

பேசக் கூச்சப்படும் இடம், ஆனால் முக்கியமானது. பல பேண்டு மாஸ்டர்கள் பள்ளியின் நிரந்தர ஊழியர்கள் இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுக்கும் தொகையில் பகுதிநேரமாக வருபவர்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. கேடயத்துக்கும் ஃபிளெக்ஸுக்கும் போகிற பணத்தை நிறுத்தி, பணமுடிப்பாகக் கொடுங்கள்.

இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திடும் வங்கிக் கணக்கு திறந்து, வாராவாரம் வரவு செலவைக் குழுவில் போடுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பெயர்ப் பட்டியல் போடாதீர்கள், பட்டியல் போட்டால் ஐந்நூறு ரூபாய் கொடுக்க நினைத்தவன் கொடுக்காமலே இருந்துவிடுவான். தொகையை மேடையில் அறிவிக்கவும் வேண்டாம். ஓரளவு பெரிய தொகை சேர்ந்தால், அஞ்சலகத்தின் மாத வருமானத் திட்டத்தில் கணவன் மனைவி கூட்டுக் கணக்காகப் போட அவருக்கு யோசனை சொல்லலாம். கூட்டுக் கணக்கில் 15 லட்சம் வரை போடலாம், ஐந்து வருடம் மாதாமாதம் வட்டி வரும். முடிவு அவருடையது.

அழைப்பிதழும் மேடையும்

அழைப்பிதழில் பெயர் போடுவதில் சிக்காத விழா டெல்டாவில் கிடையாது. தலைமை ஒருவர், முன்னிலை ஒருவர், வாழ்த்துரை மூன்று பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். கட்சிக்காரர்கள் வரட்டும், முன்வரிசையில் உட்காரட்டும், மைக் வேண்டாம். கண்டிப்பாகச் சிலருக்குக் கோபம் வரும், நேரில் போய்ப் பத்திரிகை வைத்தால் பாதி ஆறிவிடும்.

அழைப்பிதழின் அடியில் ஒரு வரி சேருங்கள்: "சால்வை, மாலைக்குப் பதிலாகப் பள்ளி பேண்டுக்கு ஒரு பொருள் கொண்டுவரவும்." என்ன பொருள் என்றும் எழுதுங்கள்: டிரம் குச்சி ஒரு ஜோடி, கிளாரினெட் ரீடு ஒரு பெட்டி, சைடு டிரம் தோல், வால்வு எண்ணெய். எங்களுக்குக் குச்சி மட்டும் நாற்பத்தாறு ஜோடி வந்தது. மாஸ்டர் அன்றைக்கு அதை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நினைவுப் பரிசு ஒன்று கொடுத்தே ஆகவேண்டும் என்றால் தஞ்சாவூர் கலைத்தட்டோ நாச்சியார்கோயில் விளக்கோ நன்று. பெயர் பொறிப்பதாக இருந்தால் அச்சுக்கு முன் நீங்களே நேரில் போய் எழுத்துக்கூட்டிப் பாருங்கள். நாங்கள் ஆர்டர் கொடுத்த கடையில் "மாஸ்டர்" என்பதை "மாஸ்டார்" என்று பொறித்துவிட்டார்கள். சுரண்டித் திருத்தியது இன்றும் தெரிகிறது.

விழா நாள்

வாசிப்பவர்களுக்கு வாசித்த பிறகுதான் சாப்பாடு. முக்கியமாக அசோகா அல்வாவை முன்னாலேயே கண்ணில் காட்டாதீர்கள். இனிப்பும் நெய்யும் பட்ட வாயோடு ஊதினால் வால்வு பிசுபிசுத்துவிடும். தண்ணீர் மட்டும் கொடுங்கள்.

தமிழ்த்தாய் வாழ்த்தை இசைத்தட்டில் போடாமல் பிள்ளைகளைப் பாடவையுங்கள். 2021 டிசம்பரில் வந்த அரசாணைப்படி மோகன ராகத்தில், 55 விநாடியில். முடிவில் தேசிய கீதம், 52 விநாடி, அதைப் பேண்டே வாசிக்கட்டும்.

இப்போது நாற்காலி விஷயம். மாஸ்டரை மேடையில் உட்காரவைத்தால் ஸ்பீக்கர் பெட்டிகளின் முதுகைத்தான் பார்ப்பார், சத்தமும் பின்னாலிருந்து கலங்கித்தான் கேட்கும். வாசிக்கும் நேரத்துக்கு அவரைக் கீழே இறக்கி, பேண்டுக்கு நேர் எதிரே பதினைந்தடியில், மரத்து நிழலில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். முப்பது வருடம் நின்ற இடம், அன்றைக்கு உட்கார்ந்து கேட்கட்டும்.

எங்கள் விழாவில் அவர் உட்கார்ந்தது இரண்டு நிமிடம். நோட்டு ஸ்வரத்தின் இரண்டாம் அடியில் சிம்பல் பையன் அரை அட்சரம் முந்தினான். அவன் எட்டாவது படிக்கிறவன், அவனுக்குப் பக்கத்தில் சிம்பல் பிடித்திருந்தவர் அவனுடைய பெரியப்பா. மாஸ்டர் எழுந்து வந்து, பையனை விட்டுவிட்டு, பெரியப்பாவின் தோளில் ஒரு தட்டு தட்டினார். "நீ அப்பவும் முந்துவே, அவனுக்கும் அதையே சொல்லிக்கொடுத்திருக்கே" என்றார். மறுபடி முதலிலிருந்து வாசித்தோம். நிகழ்ச்சி நிரலில் ஏற்புரை என்று ஒன்று போட்டிருந்தோம், அவர் பேசவில்லை, கை கூப்பிவிட்டு இறங்கிவிட்டார்.

விழா முடிந்த மறுநாள்

டிசம்பர் 28-லிருந்து ஜனவரி 26-க்கு நான்கு வாரம்தான். குடியரசு தின அணிவகுப்புக்கு யார் பழக்குவது என்று விழாவுக்கு முன்பே பேசி வையுங்கள். புது மாஸ்டர் வரும்வரை பழைய மாணவர்களில் ஓய்ந்திருக்கும் ஒருவர் வாரம் இரண்டு நாள் மாலை வரலாம். அவருக்கு பெட்ரோல் செலவாவது கொடுங்கள், சும்மா வரச் சொன்னால் மூன்றாம் வாரம் வரமாட்டார். ஓய்வு பெற்றவரையே திரும்பக் கூப்பிடுவது சுலபம். அவராகக் கேட்டால் ஒழியக் கூப்பிடாதீர்கள், கூப்பிட்டால் சம்பளத்தோடு கூப்பிடுங்கள்.

பேண்டு ரூம் சாவியை அவரிடமிருந்து வாங்கும்போது அலுவலக உதவியாளரை அனுப்பாமல் நீங்களே போங்கள். சாவி கொடுக்கும்போது எங்கள் மாஸ்டர் ஒரு காகிதமும் கொடுத்தார். பீரோ கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம். நீல மையில் நான்கு வரி: "மழை நாளில் தோல் டிரம்மைத் தளர்த்தி வைக்கவும். வால்வு எண்ணெய் மேல் தட்டில். பியூகிளைத் தரையில் வைக்கக் கூடாது. எலிக்கு மருந்து வைக்கவும்."